ஒரே வீட்டில் நாலு பருவம்: சமூகப்பணிக் களத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதல் செமஸ்டரிலேயே மனித வளர்ச்சி பற்றிய பாடம் வந்துவிடும். கருவில் தொடங்கி முதுமை வரை பருவம் பருவமாய்ப் படித்து, உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்ன எட்டு நிலைகளையும் மனப்பாடம் செய்து எழுதுவீர்கள். அந்த வாரமே களப்பணிக்குப் போய் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்பீர்கள். பாடத்தில் தனித்தனி அத்தியாயமாக இருந்த பருவங்கள் அங்கே ஒரே கூரைக்குள் இருக்கும். திண்ணையில் கிழவி, அடுப்படியில் மருமகள், கதவோரம் பாதி முகம் காட்டி நிற்கும் பெண், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன்.

திண்டுக்கல், மதுரைப் பக்கம் களப்பணி மாணவர்களோடு பல ஆண்டுகளாக அலைந்தவன் என்ற முறையில், நான் திரும்பத் திரும்பக் கண்டதைச் சொல்கிறேன். பிரச்சினை ஒருவரிடம் தெரியும். அதன் வேர் பெரும்பாலும் அதே வீட்டில் வேறொருவர் வயதில் இருக்கும். பாடத்தில் படித்த பருவங்களை இந்த வேரைத் தேடும் கருவியாக எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பல வீடுகளில் பார்த்ததை ஒரு வீடாகக் கோத்து உதாரணம் காட்டுகிறேன்.

அந்த வீட்டில் அப்பத்தா, மில்லுக்குப் போகும் அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயது மகள், நான்கு வயது மகன். அப்பா திருப்பூரில், மாதம் ஒருமுறை வருவார். மூன்று வாரமாகப் பெண் பள்ளிக்கு வரவில்லை என்று வகுப்பாசிரியை பெயர் கொடுத்தார். போய் வந்த மாணவர் எழுதிய முதல் அறிக்கை இரண்டே வரி: “படிப்பில் ஆர்வம் இல்லை. ஆலோசனை வழங்கப்பட்டது.”

படி 1: வாசலுக்குப் போகும் முன்

பெயரைக் கொடுத்தது யார் என்று நோட்டில் முதலில் எழுதுங்கள். ஆசிரியைக்குத் தெரிவது வருகைப் பதிவேடு, கிராமச் சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவது எடை, காவல் நிலையத்துக்குத் தெரிவது குற்றம். ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்து நம்மிடம் அனுப்புகிறார்கள். அவர்கள் பார்த்த பக்கத்தையே முழுசு என்று எடுத்துக்கொண்டு போனால், அதை உறுதிப்படுத்தும் கேள்விகளை மட்டும்தான் கேட்போம்.

நேரம் முக்கியம். மில் ஷிப்ட் எப்போது முடியும், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். காலை பத்து மணிக்குப் போனால் வேலை பார்க்கும் வயதில் இருப்பவர்கள் யாரையும் பார்க்க முடியாது. அந்த வீட்டில் பெரியவர்களே பொறுப்பில்லாதவர்கள் என்ற எண்ணத்தோடு திரும்பி வருவீர்கள்.

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் நோட்டு. இந்தக் கோலத்தில் யாராவது தெருவுக்குள் வந்தால் பல ஊர்களில் பெண்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். வாரத் தவணை வசூலுக்கு வருகிறவர்களும் இதே கோலத்தில்தான் வருவார்கள். அதனால் முதல் வாக்கியம் “அக்கா, லோன் விஷயமா வரல, பள்ளிக்கூடத்துல இருந்து வர்றேன்” என்றே இருக்கட்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். எந்தத் தெருவாக இருந்தாலும் குடியுங்கள். நீங்கள் யார் என்று அந்த வீடு முடிவு செய்வது அந்தச் சொம்பை நீங்கள் வாங்கும் விதத்தில்தான்.

படி 2: வயதைக் கண்டுபிடியுங்கள்

எளிதாகத் தோன்றும், ஆனால் இல்லை. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருந்தால், பெரும்பாலும் அது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வருடம். வயது தவறானால் பருவம் தவறும், திட்டமும் தவறும்.

ஊர் நினைவில் இருக்கும் சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். சுனாமி 2004 டிசம்பர். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போனது 2016 நவம்பர். ஜெயலலிதா மறைந்தது அடுத்த மாதம். சின்னப் பிள்ளைகளுக்குக் கஜா புயலும் (2018 நவம்பர்) கொரோனா ஊரடங்கும் போதும்.

அந்த அப்பத்தாவின் ஆதாரில் 01-01-1973 என்று இருந்தது. “எம்.ஜி.ஆர். செத்தப்போ உங்களுக்குப் பிள்ளை பொறந்திருச்சா அப்பத்தா?” என்று மாணவர் கேட்டார். “இவங்கப்பன் கைப்பிள்ளை. அதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து தக்கல” என்றார் அவர். ஆதாரை நம்பினால் பதினான்கு வயதுக்குள் இரண்டு பிரசவம். “மொத பிள்ளைக்கு உங்களுக்கு எத்தனை வயசிருக்கும்?” “சடங்காகி நாலு வருசம் கழிச்சுக் கல்யாணம்.” எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 1967 பக்கம்தான் வந்தது. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது வயதாகியிருக்க வேண்டும். ஆதார்படி அவர் 2033 வரை காத்திருக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியை வேண்டும்போதெல்லாம் மாற்ற முடியாது, தக்க ஆவணமும் வேண்டும். அதனால் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாமல், பள்ளிச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டு இறங்குங்கள்.

அந்த ஒரு கேள்வியில் இன்னொன்றும் கிடைத்தது: தக்காமல் போன முதல் பிள்ளை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. பேரனைக் கீழே விடாமல் இடுப்பிலேயே வைத்திருக்கும் கிழவியைப் புரிந்துகொள்ள அது உதவியது.

படி 3: வயதுக்கோடு போடுங்கள்

முதலில் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. இறந்தவர்களை விடாமல் போடுங்கள்.

பிறகு நோட்டின் குறுக்கே ஒரு கோடு. இடது கோடியில் பூஜ்யம், வலது கோடியில் எண்பது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அவர் வயதில் புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் மூன்று வரி எழுதுங்கள். இந்த வயதில் இவர் செய்ய வேண்டிய வேலை என்ன? அதை எது தடுக்கிறது? தடுப்பது யாருடைய வயது?

மூன்றாவது வரிதான் நமக்கு உரிய வரி. முதல் இரண்டையும் உளவியல் படித்த எவரும் எழுதிவிடுவார். வீட்டுக்குள் போய் உட்காருகிறவருக்குத்தான் மூன்றாவது தெரியும்.

படி 4: ஒவ்வொரு வயதிலும் எதைப் பார்ப்பது

*கருவும் கைக்குழந்தையும்.* கரு உருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும் வரை ஆயிரம் நாள் என்பார்கள். தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரும் எண்) பதிவாகியிருக்கிறதா, பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் குறைவா, தடுப்பூசி எதில் நின்றது என எல்லாம் அதில் இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அடுத்த வருகைக்குத் தள்ளிப்போடாமல் அன்றே அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

வளர்ச்சிப் படிகளைச் சொல்ல நம் மொழியில் ஒரு பழைய வரிசையே உண்டு. பிள்ளைத்தமிழில் செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை ஓராண்டு. கையூன்றித் தலையசைக்கும் பிள்ளை, உட்கார்ந்து கைகொட்டும் பிள்ளை, தளர்நடை போட்டு வரும் பிள்ளை. பாட்டிகளிடம் “சப்பாணி கொட்டுதா?” என்று கேட்டால் உடனே பதில் வரும், ‘மோட்டார் டெவலப்மென்ட்’ என்றால் யாருக்கும் புரியாது. ஆனால் மாதக் கணக்கை இரும்புச் சட்டமாக வைத்துக்கொண்டு தாயைப் பயமுறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

பற்றுறவு, அதாவது பிள்ளைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு பற்றி மனநல மருத்துவர் ஜான் பவுல்பி சொன்னதைப் படித்திருப்பீர்கள். அதைத் தாய்க்கு எதிரான சாட்சியாக மாற்றிவிடாதீர்கள். நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு மடி மட்டுமில்லை. அப்பத்தா, அத்தை, அக்கா என்று நாலு மடி உண்டு. கேட்க வேண்டியது, “ராத்திரி முழிச்சு அழுதா யாரைத் தேடுவான்?” அந்தப் பெயர் நிலையாக ஒன்றாக இருந்தால் பிள்ளைக்கு ஓர் ஊன்றுகோல் இருக்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் கவலைப்படுங்கள். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், அநாதை இல்லத்தில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பல வகையிலும் தேறினார்கள். அவர்களிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம் (2015) இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழி என்று வைத்திருப்பது இதனோடு ஒத்துப்போகிறது. “வறுமை, அதனால் ஹோமில் சேர்த்துவிடலாம்” என்று முதல் வாரமே பரிந்துரைக்கும் மாணவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

*மூன்று முதல் ஆறு.* அந்த வீட்டுப் பையன் பேசவில்லை. “எங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளைக எல்லாம் லேட்டாத்தான் பேசும்” என்றார் அப்பத்தா. தண்ணீர் வேண்டுமென்றால் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தில் வைப்பான். மாணவர் அவன் முதுகுக்குப் பின்னால் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. தட்டைக் கீழே போட்டார், திரும்பினான். தரையின் அதிர்வு காலுக்குத் தெரிந்திருக்கலாம். மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, அக்காவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினான். பேச்சு வராத பிள்ளையை அறிவு மந்தம் என்றோ, செல்போன் பார்த்துக் கெட்டுப்போனான் என்றோ எழுதும் முன் காதைச் சோதிக்க வைக்க வேண்டும். அங்கன்வாடியில் பதிவாகியிருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு அங்கேயே பார்க்கும். இவன் வீட்டிலேயே இருந்ததால் அந்தக் குழு கண்ணில் படவில்லை.

*ஆறு முதல் பத்து.* படிப்பு, நட்பு, ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், விளையாட்டுக்கு யாரைச் சேர்த்துக்கொள்வான் என்று கேளுங்கள். பாதி விஷயம் தெரிந்துவிடும்.

*பத்து முதல் பத்தொன்பது.* மாணவர் முதலில் நினைத்தது, “வயசுக்கு வந்துட்டா, அதனால நிறுத்திட்டாங்க.” அப்படி நடக்கும் வீடுகள் உண்டு. ஆனால் படித்துவிட்டுப் போன காரணத்தைத் தேடினால் அதுதான் கண்ணில் படும். இரண்டாம் முறை போனபோது அந்தப் பெண் விடியற்காலையில் செய்ததை வரிசையாகச் சொல்ல வைத்தார். “நாலரைக்கு அம்மா பஸ் ஏறிரும். அப்பத்தாவுக்குக் கண்ணு தெரியாது, அடுப்புல கைய வச்சிரும். தம்பி கூப்பிட்டா வர மாட்டான், ரோட்டுக்கு ஓடிருவான். நான் போயிட்டா யாரு பாப்பா?” ஆர்வம் இல்லாத பிள்ளை பேசும் பேச்சா இது?

இந்த வயதினரிடம் தனியாகப் பேசுங்கள், ஆனால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் களப்பணியாளர் உடன் இருக்கட்டும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் போக்சோ சட்டப்படி (2012) தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். “உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா மட்டும் வேற ஒருத்தர்கிட்ட சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு அந்தப் பேச்சு சீக்கிரம் வந்து சேரும் என்பதால்தான் மூன்று வார விடுப்பைக்கூட லேசாக எடுக்கக்கூடாது.

*இருபதுகள், முப்பதுகள்.* வேலை, துணை, பிள்ளைப்பேறு என்று புத்தகம் சொல்லும். நீங்கள் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியது, மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பையன் அறைக்குள் அடைந்துகொண்டு தனக்குள் பேச ஆரம்பித்தால் வீட்டார் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போவார்கள். “கல்யாணம் பண்ணி வச்சாச் சரியாயிரும்” என்பார்கள். அந்தப் பேச்சு கேட்ட வாரமே நீங்கள் குறுக்கிட வேண்டும், இல்லாவிட்டால் நோய் புரியாத ஒரு புது மருமகள் அந்த வீட்டுக்குள் வந்துவிடுவாள். நம்பிக்கையைக் கேலி செய்யாதீர்கள். சாமியையும் கும்பிடட்டும், மாத்திரையையும் சாப்பிடட்டும். ஏர்வாடி தர்கா பக்கம் இருந்த மனநோயாளர் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ வீட்டில் இருபது வயதில் இருந்தவர்கள்.

*நடுவயது.* மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், நடுவில் கடன். இவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும்.

*அறுபதுக்கு மேல்.* முதலில் கண், அடுத்து காது, பிறகுதான் ஞாபகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கண் மங்கியவர் ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பார். காது மங்கியவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். இரண்டையும் சேர்த்து “கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று வீடு தீர்ப்பு எழுதிவிடும். அந்த அப்பத்தாவுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். இருந்தது இரண்டு கண்ணிலும் புரை.

சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா, உதவித்தொகை யார் கையில் இருக்கிறது, சொத்து யார் பேருக்கு எழுதியாயிற்று என்று தனியாக வைத்துக் கேளுங்கள். மகன், மருமகள் எதிரில் பதில் வராது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் (2007) கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய 23ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஊரில் ‘ஓஏபி’ என்று கேட்டால்தான் தெரியும்.

பழைய கதையைச் சொன்னதையே சொல்கிறார்களா? உட்கார்ந்து கேளுங்கள். வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்துவது முதுமையின் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963இலேயே எழுதினார். அந்த நேரத்தை வீண் என்று நினைத்துக் கடிகாரம் பார்க்காதீர்கள்.

எரிக்சனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவருடைய வரிசையில் முதலில் ‘நான் யார்’ என்ற அடையாளம், பிறகு துணையோடு நெருக்கம், பிறகு அடுத்த தலைமுறையை வளர்ப்பது. அந்த அப்பத்தா தன்னை யாரென்று கேட்டுப்பார்க்கும் முன்பே மனைவி, அதற்கடுத்த வருடம் தாய். வரிசை பிசகியதால் அவர் வளர்ச்சி குறைந்தவர் என்று எழுதுவது அநியாயம். நிலைகளைக் கேள்வியாக எடுத்துப் போங்கள், மதிப்பெண் பட்டியலாக அல்ல. ‘அடையாளம்’ என்ற கேள்வியைச் சில பெண்கள் ஐம்பது வயதில், சுயஉதவிக் குழுவில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடும்போதுதான் எடுக்கிறார்கள்.

படி 5: அந்த வயதில் ஊரில் என்ன நடந்தது?

ஒரே இடி வெவ்வேறு வயதில் வெவ்வேறு விதமாக விழும். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைச் சமூகவியலாளர் கிளென் எல்டர் ஆராய்ந்தார். அப்போது பதின்வயதில் இருந்த, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துப் பையன்கள் ஓரளவு சமாளித்தார்கள். சின்னஞ்சிறுசாக இருந்த, பக்கத்து நகரமான பெர்க்லியின் பையன்களைத்தான் அது கூடுதலாகப் பாதித்தது.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தவனுக்குப் போனது பாடம். ஐந்து வயதில் இருந்தவனுக்குப் போனது எழுத்துக்கூட்டப் பழகும் காலம். 2020இல் ஐந்து, ஆறு வயதில் இருந்த பிள்ளை இன்றைக்கும் வாசிக்கத் திணறினால் ‘கற்றல் குறைபாடு’ என்று முத்திரை குத்தும் முன், அந்த இருபது மாதம் அவன் எங்கே இருந்தான், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வயதுக்கோட்டின் மேல் பக்கத்தில் இந்தச் சம்பவங்களையும் குறித்து வையுங்கள்: கொரோனா, அப்பா வெளியூர் போனது, வீடு மாறியது, யாராவது இறந்தது.

படி 6: எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது

வயதுக்கோட்டில் அம்புக்குறி போடுங்கள். அந்த வீட்டில் பதின்மூன்றின் மேல் இரண்டு அம்புகள் வந்து விழுந்தன. ஒன்று அப்பத்தாவின் கண்ணிலிருந்து, மற்றொன்று தம்பியின் காதிலிருந்து. பெண்ணுக்கு எத்தனை முறை ஆலோசனை வழங்கினாலும் இரண்டும் நகராது.

முதலில் கண்ணை எடுத்தோம். இலவச முகாம் வழியாகச் செய்துகொள்ளலாம், சீக்கிரம் முடியும், கிழவிக்குப் பார்வை வந்தால் பையனைப் பிடிக்க ஒரு ஜோடிக் கை வீட்டில் கூடும். அடுத்து பையனை மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு. அம்மா ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். “மருத்துவமனைக்குச் செல்ல அறிவுறுத்தப்பட்டது” என்று எழுதுவதற்குமுன் அந்தச் சம்பளத்தை யார் ஈடுகட்டுவது என்று யோசியுங்கள். இங்கே அப்பா விடுப்பில் வரும் நாளைக் கேட்டு அன்றைக்கு வைத்துக்கொண்டோம். காதுக்குக் கருவி, பேச்சுப் பயிற்சி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம், அங்கன்வாடியில் பெயர் பதிவு என்று ஒவ்வொன்றாக நடந்தது.

பெண் பள்ளிக்குத் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. காலாண்டுத் தேர்வு போய்விட்டது. அம்மாவின் நாலரை மணி பஸ்ஸை எங்களால் மாற்ற முடியவில்லை. பையன் பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் போகிறானா என்றால், அதுவும் இல்லை, மாதம் இருமுறைதான். இவற்றையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன்.

நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, உடனடி ஆபத்துக்கு 112. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பரிதாபப்பட்டு உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு.

படி 7: எழுதுவது

கண்ணால் கண்டதை ஒரு பக்கம், நீங்கள் நினைப்பதை மறுபக்கம் எழுதுங்கள். “ஆர்வம் இல்லை” என்பது நினைப்பு. “எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் அலமாரியில் அட்டை போட்டு அடுக்கியிருந்தன” என்பது கண்டது. அந்தப் புத்தக அடுக்கு முதல் வருகையிலேயே அங்கே இருந்திருக்கிறது. பிள்ளைகளைப் போட்டோ எடுக்காதீர்கள்; அறிக்கையில் உண்மைப் பெயர் வேண்டாம்; வகுப்பில் வாசிக்கும்போது ஊர்ப் பெயரும் வேண்டாம்.

படி 8: விட்டுவிட்டு வருவது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வாரம் இரண்டு நாள் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் போய் வந்துவிட்டு, தேர்வு வந்ததும் சொல்லாமல் நின்றுவிடும் மாணவர்கள் உண்டு. கிழவிக்கு அது இன்னோர் ஆள் போனது. பையனுக்கு அது காரணம் தெரியாத ஒரு காணாமல் போதல். படித்த பருவங்களை இங்கே உங்களுக்கே பொருத்திப் பார்க்க வேண்டும்: அந்த வீட்டில் நீங்களும் ஒரு மடியாகியிருக்கிறீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குத் தேதியாகச் சொல்லலாம். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தேதி புரியாது. அந்த மாணவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு வட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு வருகைக்கும் பையன் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு வட்டத்தை அடிக்க வைத்தார். கடைசி இரண்டு வட்டத்துக்கு, அடுத்த ஆண்டு வரப்போகும் மாணவியையும் உடன் அழைத்துப்போய்த் திண்ணையில் உட்கார வைத்தார். ஆறாவது வட்டத்தைப் பையன் அடித்து முடித்ததும், பென்சிலை அந்தப் புது அக்காவிடம் நீட்டினான்.